கிழமைக்கு ஒரு ஊசி

ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்காதா? அத்தனையும் ஒரேயடியாகவா போயிருக்கும்? வயல் வட்டை முழுவதும் வெள்ளம் ஏறி நெல் அழுகினாலும் மேட்டு வரம்போரம் நாலு பயிர் தப்பி நிற்பதில்லையா? ஓர் உடம்பு அவ்வளவு ஒழுங்காக, மூலை முடுக்கு விடாமல் தேடித்தேடித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமா? இல்லை. எங்கோ கொஞ்சம் இருக்கும். யாரும் வந்து எழுப்பாததால் தூங்கிக்கொண்டிருக்கும். இருக்க வேண்டும்.

இதில் ஒரு சொல்லையும் அகீலா வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையை உயர்த்தி, வயிற்றுத் தோலை இரண்டு விரல்களால் கவ்விப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் கட்டாரிலிருந்து அண்ணன் அம்ஜத் காக்கா கொண்டுவந்த பேனா ஊசி. அறை வாசலில் உம்மா நின்றாள்.

"பிஸ்மி சொல்லிப் போடு மகள்."

சொல்லிப் போட்டாள். ஊசி மெல்லியது, வலி தெரியவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் இன்சுலின் குத்திக்கொள்கிறவளுக்கு எந்த ஊசிதான் வலிக்கும்?  

"அவ்வளவுதானா?" என்றாள் உம்மா. "இனி ஏழு நாளைக்குப் பொறகு, அடுத்த கிழமைதானா?"

"ஓம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று உம்மா ஆயிஷா முகத்தை இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டாள். அந்தக் கைகளுக்குப் பின்னால் அவள் அழுகிறாள் என்பது அகீலாவுக்குத் தெரிந்தது.

இந்த ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதற்காகத்தான் வாப்பா முகைதீன்பாவா, புடவைக்கடையில் துணி கிழித்து விற்ற காலமெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்து மேல்மாடியைக் கட்டியிருந்தார். புது அறை, புது அலுமாரி, புதுப் பிரிட்ஜ். காத்தான்குடிப் பெண்ணுக்கு அது பெரிய பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். மாமியார் வீட்டில் அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, தன் வீட்டில் தானே ராணி. அகீலாவுக்கு மட்டும் அது வேறு மாதிரி இருந்தது. அவர் வந்து அவளுடைய பிரிட்ஜைத் திறப்பார். அவளுடைய அலுமாரியைத் திறப்பார். சோற்றுக்கு முன்னால் அவள் எங்கே எழுந்து போகிறாள் என்று பார்ப்பார். ஒளிப்பதற்கு அவளுக்குத் தாய்வீடு என்று வேறொரு வீடு கிடையாது. இருக்கிற ஒரே வீட்டுக்குள்தான் அவர் வரப்போகிறார்.

ஏறாவூர் நிஸ்தாருக்குப் பேசி முடித்தாயிற்று. கணிதம் படிப்பிக்கிறவர். அதற்கு முன் இரண்டு இடங்கள் கூடிவந்து, அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று தெரிந்ததும் கலைந்து போயின. இரண்டாவது வீட்டார் வந்து தந்த காரணம்கூட மரியாதையாகத்தான் இருந்தது. "புள்ள நல்ல புள்ளதான், ஆனா நாளைக்கு ஒரு புள்ளப் பெத்துக்கிறண்டா..." என்று இழுத்தார்கள். அன்று உம்மா அவர்களுக்கு வைத்த வட்டிலப்பத்தை யாரும் தொடவில்லை. அதனால் மூன்றாவது முறை உம்மா வாயைத் திறக்கவில்லை. அகீலாவும் திறக்கவில்லை.

உம்மா சொன்னதற்காகத்தான் மறைத்தாள் என்று சொன்னால் அது பொய். நிஸ்தார் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியிருந்தார். குரல் கொஞ்சம் கரகரப்பு. தன் வகுப்புப் பிள்ளைகள் தனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரைத் தானே சொல்லிச் சிரிக்கிறவர். அவருடன் கதைக்கும்போது அவள் நோயாளி இல்லை. அந்த நேரம் முழுவதும் அவள் வெறும் அகீலா. அதை விட்டுவிட அவளுக்கும் மனமில்லை.

அம்ஜத் காக்கா கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது சூட்கேசைத் திறக்கும் முன்பே தேநீர் பிளாஸ்க்கைத்தான் திறந்தான். உள்ளே உருகிய ஐஸ் தண்ணீர், பொலித்தீனில் சுற்றிய பெட்டி.

"எங்கட அரபி முதலாளிக்கு நானூறுக்கு நிண்ட சீனி, தங்கச்சி. இப்பக் கிழமைக்கு ஒண்டு குத்துறாரு. மருந்துக் குளிசை எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டாரு. ஒட்டகம் மாதிரி நடக்கிறாரு."

"ஒட்டகம் எப்பிடி நடக்கும் காக்கா?"

"மெதுவாத்தான். ஆனா விழாது."

சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். "அவர்ட வேற வருத்தம் காக்கா. அவருக்குச் சுரக்கிற கலங்கள் இரிக்கி, சோம்பிப் போய்க் கிடக்கு. எனக்கு அதெல்லாம் செத்துப் போச்சி."

"சீனியில என்னடி வேற சீனி? இது சிவப்புச் சீனி, அது வெள்ளைச் சீனியா? உம்மா, இவ ரெண்டு எழுத்துப் படிப்பிச்சாலும் படிப்பிச்சா, நம்மளுக்கும் பாடம் எடுக்கிறா."

உம்மா சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

அகீலாவுக்குத் தெரியாதது இல்லை. உயர்தர வகுப்புக்கு அவள் உயிரியல் ரியூசன் கொடுக்கிறாள். ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடம் வரும். பலகையில் ஒரு பெரிய வட்டம் போடுவாள். சதையி என்கிற கணையத்தில், சிறுதீவுகள் என்று பெயர் சொல்லப்படும் குட்டிக் கூட்டங்களுக்குள் இருக்கும் பீற்றா கலம், இன்சுலின் சுரக்கும் உயிரணு அது. வட்டத்தின் விளிம்பில் கிண்ணம் கிண்ணமாக வரைவாள். அவை வாங்கிகள். சாப்பாடு குடலுக்கு வந்ததும் குடல் ஒரு சின்னப் பெப்தைட்டை இரத்தத்தில் விடும். அது போய் அந்த வாங்கியில் உட்காரும். உட்கார்ந்ததும் கலத்துக்குள் ஒரு பரபரப்பு. இன்சுலின் நிரம்பிய பைகள் விளிம்புக்கு வர ஆயத்தமாகும். அதன்பிறகு குளுக்கோசு வரும்போது கலம் இரு மடங்கு உற்சாகத்தோடு இன்சுலினைக் கொட்டும்.

"மாப்பிள்ளை வாறார் எண்டு முன்னுக்கு ஓடி வந்து சொல்ற ஆள் மாதிரியா டீச்சர்?" என்று போன மாதம் றிஸ்னா கேட்டாள்.

"அதேதான். ஆள் வந்து சொன்னாப் போதாது, மாப்பிள்ளையும் வரணும். குளுக்கோசு இல்லாட்டி இது சும்மா சத்தம் போட்டுட்டுப் போயிரும்."

"டீச்சருக்கு இப்ப உதாரணமெல்லாம் கலியாண வீட்டிலதான் வருது," என்று யாரோ பின்வரிசையிலிருந்து சொல்ல வகுப்பே சிரித்தது.

காக்காவின் பேனாவில் இருந்தது அந்த ஓடிவரும் ஆளைப் போலவே செய்யப்பட்ட ஒன்று. குடல் விடுவது சில நிமிடங்களில் அழிந்துபோகும். இது ஒரு கிழமை அழியாமல் நின்று வாங்கிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். அரபியின் உடம்பில் வீடு இருந்தது, வீட்டுக்குள் ஆளும் இருந்தது, தட்டினால் எழும்பும். அகீலாவின் உடம்பில் வீடே இல்லை. பன்னிரண்டு வயதில் அவளுடைய உடம்பின் காவல்காரர்களே அந்தக் கலங்களைப் பகைவர் என்று எண்ணி அழித்துவிட்டார்கள். இல்லாத வீட்டுக் கதவை யார் தட்டி யார் திறப்பது?

இதை அவள் தன் வாயால் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் வேறொன்றையும் வாசித்திருந்தாள். நீண்டகால நோயாளர் சிலரின் சதையியில், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும், சில பீற்றா கலங்கள் மிஞ்சியிருப்பதைக் கண்டிருக்கிறார்களாம். சிலர். சில கலங்கள். அந்தச் 'சில' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு மாதமாக வாழ்ந்தாள். மற்றவர்களுக்கு இருக்கலாமென்றால் தனக்கேன் இருக்கக் கூடாது? அறிவு ஒரு பக்கம் நின்று தலையை ஆட்டியது. ஆசை அதன் வாயைப் பொத்தியது.

முதல் நாட்கள் அவள் பயந்தபடி இல்லை. அவளை ஏமாற்றும்படி இருந்தன. ஊசி வேலை செய்தது. ஆனால் அவள் நினைத்த இடத்தில் அல்ல. அந்த மருந்துக்கான வாங்கிகள் சதையியில் மட்டும் இருப்பவை அல்ல, மூளையிலும் இருக்கின்றன. அவை அவளிடம் நல்ல சுகமாக இருந்தன. பசி அடங்கிப்போனது. வயிற்றுக்குள் போனது அங்கேயே தங்கியது. அரைப் பிடி சோற்றுக்கு மேல் இறங்கவில்லை. சாப்பிடாததால் சீனி ஏறவில்லை. ஏறாததால் சாப்பாட்டு நேர இன்சுலினைக் குறைத்தாள், பிறகு விட்டாள். இரவில் போடும் நீண்ட நேர இன்சுலின் மட்டும் தொடர்ந்தது. உண்மையில் அது ஒன்றுதான் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் புது ஊசியைத்தான் கொண்டாடினார்கள்.

"பாத்தியா," என்றாள் உம்மா, மீற்றரில் தெரிந்த இலக்கத்தைக் காட்டி. "நூத்தி நாப்பது. ஒன்ட ஆயுசில இப்பிடி நிண்டிரிக்கா?"

"சாப்பிடல்லயேம்மா."

"சாப்பிடாட்டி என்ன? கலியாணத்துக்கு மெலிவாத்தான் இரிக்கோணும்."

உம்மா மேல்மாடிப் பிரிட்ஜிலிருந்த இன்சுலின் குப்பிகளை ஒரு மாஜரின் டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுபோனாள். அவள் படி இறங்கும் சத்தத்தில் ஒரு துள்ளல் இருந்தது. அகீலா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தன்னால் உம்மாவுக்கு ஒரு சந்தோசம் வருவதை அவள் கடைசியாக எப்போது கேட்டாள் என்று ஞாபகமில்லை.

இரவு ஊசியை நிறுத்தியது அவளாகவேதான். யாரும் சொல்லவில்லை. ஒரு கிழமை முடிந்து இரண்டாவது பேனாவையும் குத்திய பிறகு, கலங்கள் எழுந்திருக்கின்றனவா என்று பார்க்க வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு பரிசோதனை மாதிரி. இன்சுலினை எடுத்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் பரிசோதனை செய்கிறவர் விடை எதுவானாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பார். அவள் ஒரேயொரு விடைக்காகத்தான் காத்திருந்தாள்.

அடுத்த நாள் ஒன்றும் தெரியவில்லை. தாகம் மட்டும். அதற்கடுத்த நாள் காலை வாந்தி எடுத்தாள். வாந்தி வரும் என்று பேனாப் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது. இன்சுலின் இல்லாவிட்டாலும் வாந்தி வரும் என்று அவள் படித்த புத்தகத்தில் இருந்தது. இரண்டில் எதுவென்று முடிவெடுக்கும் உரிமை தனக்கு இருப்பதுபோல அவள் முதலாவதை எடுத்துக்கொண்டாள். மீற்றர் இருநூற்றுக்குச் சற்று மேல் காட்டியது. முன்பெல்லாம் ஒரு கலியாணச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைவிடக் கூட வந்திருக்கிறது. சாப்பிடாதவளின் இலக்கம் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பொய்யைக் கேட்டாள்.

உம்மா தலையைத் தடவக் குனிந்தவள் நின்றாள். "அன்னாசி தின்னயா மகள்? வாயில பழ வாசம் வருது."

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. தின்னா நல்லந்தானே. ஏதாவது வயித்துக்க போனாச் சரி."

அகீலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாசம் பழம் அல்ல. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்து அமிலத்தைச் சேர்க்கும்போது வரும் வாசம். உம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதியை அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்து கீழே போய் அந்த மாஜரின் டப்பாவை எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாள், எழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவை எழுந்துவிட்டால்?

அன்று பின்னேரம் அவள் வகுப்புக்குப் போனாள். போகாமல் விட்டால் நோய் என்று ஒத்துக்கொண்டதாகும் என்று தோன்றியது. பலகையில் எதையோ எழுதத் தொடங்கி, மூச்சு போதாமல் நின்றாள். ஓடிவந்தவள்போல ஆழமாக, வேகமாக மூச்சு இழுத்தது. நிறுத்த முடியவில்லை.

"டீச்சர், என்ன மூச்சு இப்பிடி வாங்குது?"

"ஒண்டுமில்ல. எழுதுங்க."

"என்னத்த எழுதிற டீச்சர்? நீங்க ஒண்டும் எழுதல்லயே."

திரும்பிப் பார்த்தாள். பலகையில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

றிஸ்னாவும் இன்னொருத்தியும் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளைப் பார்த்ததும் உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். ஓட்டோ பிடித்தார்கள். வாசலில் வைத்து ஓட்டோக்காரர், "நம்மட ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார்.

வாப்பா ஓம் என்பதற்குள் உம்மா சொன்னாள். "வேணாம். டவுனுக்கு விடுங்க. பெரியாஸ்பத்திரிக்கு."

"ஆயிஷா, கிட்டத்தில இரிக்கே..."

"இங்க மாப்பிள்ளைட சொந்தக்காரி ஒராள் வேல செய்யிறா. ராவுக்குள்ள ஏறாவூருக்குச் செய்தி போயிரும். டவுனுக்கு விடுங்க தம்பி. கெதியா விடுங்க."

அகீலா பின்சீற்றில் உம்மாவின் மடியில் கிடந்து இதைக் கேட்டாள். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கிட்டத்து ஆஸ்பத்திரி பின்னால் போனது. ஒரு சொல் போதும். 'உம்மா, இங்கேயே' என்று சொன்னால் வாப்பா திருப்பிவிடுவார். அவள் வாயைத் திறக்கவில்லை. களைப்பினால் என்று பிறகு எல்லோரும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் களைப்பு அல்ல. அந்தக் கணத்திலும் அவள் நிஸ்தாருக்குத் தெரியக்கூடாது என்றுதான் விரும்பினாள். தராசின் ஒரு தட்டில் உயிரும் மறு தட்டில் அதுவும் இருந்தன, அவள் உயிரை ஒதுக்கிவிட்டுச் சும்மா கிடந்தாள். கல்லடிப் பாலத்தில் லொறி ஒன்று நின்று வழி மறித்தது. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். பாலத்துக்குக் கீழே வாவி தகதகத்தது. உம்மா யாசீன் ஓதினாள். ஓதலுக்கு நடுவில் "நான் மௌத்தாப் போனா ஒன்ன ஆரு பாக்கிற மகள், அதுக்குத்தானே, அதுக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் ஞாபகமில்லை. வெளிச்சம், கையில் குத்தல், யாரோ "கண்ணத் திறங்க, கண்ணத் திறங்க" என்றது. சேலைன் வழியாகவும் இன்சுலின் வழியாகவும் அவளை ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே இழுத்தார்கள். சரியாக நினைவு வந்தபோது அவள் பெண்கள் வார்ட்டில் இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் மாங்கேணியிலிருந்து வந்த ஆச்சிப்பிள்ளை என்ற பெண், கால் புண்ணுக்காகப் படுத்திருந்தாள்.

"எழும்பிட்டியா மனே? ரெண்டு நாளா நீ மூச்சு வாங்கின சத்தத்தில எனக்கு நித்திர இல்ல. இப்ப ஒன்ட உம்மா அழுற சத்தத்தில நித்திர இல்ல. நான் எப்பதான் தூங்கிற?"

அகீலாவுக்கு உதடு வெடித்திருந்தது. சிரிக்க முயன்றபோது வலித்தது.

பெண் டொக்டர் இளையவர், கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

"நீங்க உயிரியல் படிப்பிக்கிறீங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் டொக்டர்."

"அப்ப ஏன்?"

அகீலா போர்வையை விலக்கி எழுந்து உட்கார முயன்றாள். "கொஞ்சமாவது மிஞ்சியிருக்கா எண்டு பாக்கலாமா டொக்டர்?" என்று கேட்டாள். குரல் கெஞ்சியது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "உடம்பு இன்சுலின் செய்யிறப்ப கூடவே ஒரு துண்டு கழண்டு வருமே. இரத்தத்தில அதப் பாத்தா எனக்குள்ள ஏதாவது சுரக்குதா எண்டு தெரியும். ஒருக்கா பாருங்க டொக்டர்."

டொக்டர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். "நீங்க கொஞ்சம் தேறினாப் பிறகு இரத்தம் எடுத்து அனுப்புவம்" என்றார்.

அனுப்பினார்கள். சில நாட்கள் அவள் அந்த விடைக்காகக் கிடந்தாள். வார்ட் மின்விசிறியைப் பார்த்தபடி தன்னுடைய இரைப்பைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இருட்டில், ஒரு கலம் விழித்து விளிம்பில் வாங்கியை ஏந்திக்கொண்டு நிற்பதாகக் கற்பனை செய்தாள். நிஸ்தார் குரல் செய்தி அனுப்பியிருந்தார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உம்மா அவர் வீட்டுக்குச் சொல்லியிருந்தாள். "மத்திய கிழக்குச் சாப்பாடு ஏதும் காக்கா கொண்டு வந்தாரா? அங்கத்தப் பேரீச்சம்பழத்துக்கே எனக்கு வயித்தால போகும்," என்று சொல்லியிருந்தார். அதை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

விடை வந்த காலையில் டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் டொக்டர் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று அகீலாவுக்குத் தெரியும்.

"அளக்கிறதுக்கு ஒண்டும் இல்ல அகீலா."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்ல. இன்சுலின் ஒண்டுதான். அதை ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது. இந்த முறை நீங்க தப்பினது..." டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை. அவள் கையில் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அழுகை வரவில்லை. உள்ளே இருந்த அந்த இடம் முழுவதும் காலியாகிவிட்டதுபோல இருந்தது. இவ்வளவு காலமும் அவளுக்குள் ஒரு மூலையில் யாரோ இருந்தார்கள், அவர்களுக்காக அவள் விளக்கை எரியவிட்டிருந்தாள். இப்போது யாருமில்லை. யாரும் எழும்பப்போவதில்லை. தினமும் வெளியிலிருந்து அவளே உள்ளே அனுப்பினால்தான் அவள் உயிரோடு இருப்பாள். சாகும்வரை. கலியாணத்தன்றும். பிள்ளைப்பேற்று அறையிலும். அவர் பக்கத்தில் படுத்திருக்கும் இரவுகளிலும். அதை எங்கே ஒளிப்பது? எவ்வளவு காலம்?  எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். உண்மையைச் சொன்னால் நிஸ்தார் போவார். சொல்லாவிட்டால் ஒரு நாள் அவள் போவாள்.

உம்மா பதினொரு மணி போல வந்தாள். முகம் கழுவி, நல்ல அபாயா உடுத்து வந்திருந்தாள். அகீலாவின் தலையைச் சீவி, முக்காட்டைச் சரிசெய்தாள்.

"மாப்பிள்ளைட உம்மா வாறாங்களாம், பகல் பார்வை நேரத்துக்கு. நான் வேணாம் எண்டுதான் சொன்னன், கேக்கிறாங்க இல்ல."

அகீலா முக்காட்டின் நுனியை விரலில் சுற்றினாள்.

"கேளு மகள். நான் இனி ஒன்ன ஊசிய விடச் சொல்லல்ல. சத்தியமா. அந்தப் பேனா எல்லாத்தையும் காக்கா குப்பையில போட்டுட்டான், அவனும் ஒரு பக்கம் அழுதுக்கிட்டு இரிக்கான். ஊசி நீ போடு, சாகும் வரைக்கும் போடு. ஆனா அவங்க இரிக்கக்குள்ள போட வேணாம். என்ட பிரிட்ஜில வச்சிரிக்கன், நீ கீழ வந்து போட்டுட்டுப் போ. ஒரு புள்ள கிடைக்கிற வரைக்கும்தான். மறுகாத் தெரிஞ்சா அவர் எங்க போற? இண்டைக்கு நர்ஸ் மிஸ்ஸிக்கிட்டயும் சொல்லிட்டன், ஆக்கள் போனாப் பொறகு போடச் சொல்லி." அவள் குரல் உடைந்தது. "ஒரு அரை மணித்தியாலம் மகள். உம்மாக்காக."

பக்கத்துக் கட்டிலில் ஆச்சிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிஸ்தாரின் தாய் ஆமினா உம்மா வந்தபோது வார்ட் முழுவதும் சனம். பருத்த, சிரித்த முகம் கொண்ட பெண். கையில் துவாயால் சுற்றிய சாப்பாட்டுக் கரியர். ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

"என்ட புள்ள, என்ன இப்பிடி வத்திப் போயிரிக்கிற! நிஸ்தார் வெளிய நிக்கிறான். பொம்புளைகள்ற வார்ட்டுக்க வரமாட்டானாம், வெக்கமாம். அங்க நிண்டு சுவத்துக்குக் கணக்குப் படிப்பிக்கட்டும்." அவள் தானே சிரித்துக்கொண்டு கரியரைத் திறந்தாள். "இடியப்பமும் தேங்காப் பாலாணமும். உறைப்பு ஒண்டும் போடல்ல. வாயத் திற, நான் ஊட்டி விர்ரன்."

இடியப்பத்தைப் பிய்த்துப் பாலாணத்தில் தோய்த்து, விரல்களால் மெத்தென்று பிசைந்து, உருட்டி நீட்டினாள். அகீலாவுக்குக் கண் நிறைந்தது. இத்தனை நாட்களில் முதல் தடவையாகப் பசித்தது. உண்மையான பசி. அந்த உருண்டையை வாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது. ஒரு பெண் தன் மகனுக்கு வரப்போகிறவளுக்கு ஊட்டுகிறாள். இதைவிட என்ன வேண்டும்?

அப்போதுதான் தாதி விதுர்ஷா ஊசித் தட்டோடு கட்டிலருகே வந்தாள். வந்தவள் தயங்கி உம்மாவைப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, கொஞ்சம் பொறகு," என்று உம்மா எழுந்தாள். "ஆக்கள் இரிக்காங்க. பொறகு வாங்க மிஸ்ஸி."

போர்வைக்குக் கீழே உம்மாவின் கை அகீலாவின் கணுக்காலைப் பற்றியது. இறுக்கமாக. ஆற்றில் விழுந்தவள் பிடிப்பதுபோல. ஆமினா உம்மாவின் கை உருண்டையோடு அவள் வாய்க்கு முன்னால் நின்றது. பால் ஒரு துளி முழங்கை வரை வழிந்தது.

"என்ன மருந்து அது?" என்று ஆமினா உம்மா கேட்டாள்.

"சத்து ஊசி," என்றாள் உம்மா உடனே. "பலத்துக்கு."

அகீலா உம்மாவைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்த கெஞ்சலை அவளால் தாங்க முடியவில்லை, ஆனால் பார்வையை எடுக்கவுமில்லை. குனிந்து, போர்வைக்குக் கீழே கணுக்காலைப் பற்றியிருந்த விரல்களைத் தொட்டாள். ஒவ்வொன்றாக விடுவித்தாள். அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போகாதீங்க மிஸ்ஸி," என்றாள். குரல் மெல்லியதாகத்தான் வந்தது. "இப்பவே போடுங்க."

பிறகு வாய்க்கு முன்னால் நின்ற கையின் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் பொறுங்க மாமி. இது இன்சுலின். இதப் போட்டுட்டுத்தான் நான் சாப்பிடுவன்."